நல்லூர்க் கோயிலில் சீனத் தூதர்: பண்பாடு எப்படி அரசின் கருவியாகிறது?

2021 டிசம்பரில் இலங்கைக்கான சீனத் தூதர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல் நல்லூர் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் புத்தகங்கள் கொடுத்தார். மன்னார்ப் பக்கம் போய், இராமர் பாலம் என்று நாம் அழைக்கும் மணல்திட்டுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்தப் படங்கள் கைப்பேசிகளில் சுற்றிய நாட்களில் பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம் எங்கும் இரண்டு விதமான பேச்சுதான் இருந்தது. சாமி கும்பிட வந்தவரைச் சந்தேகப்படுவது முறையல்ல என்றார்கள் சிலர். வந்தது வேவு பார்க்கத்தான், கோயிலும் வேட்டியும் வெறும் வேஷம் என்றார்கள் மற்றவர்கள். யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிக்கொடுத்த பண்பாட்டு மையத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதும் இதே இரண்டு கட்சிகள்தான், ஆட்கள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். சீனர் செய்தால் சூழ்ச்சி, நாம் செய்தால் பாசம் என்கிறது ஒரு தரப்பு. எல்லாமே நாடகம் என்கிறது இன்னொரு தரப்பு.

இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே தவறு இருக்கிறது. பண்பாடு உண்மையானது என்றால் அதில் அரசியல் இருக்காது, அரசியல் இருந்தால் பண்பாடு பொய் என்று இரு தரப்புமே நினைக்கின்றன. இரண்டும் ஒரே செயலில் ஒன்றாக இருக்க முடியும். தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் வேறொரு நாடு தொடங்கும் இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிட அவசியம் என்று நினைக்கிறேன். அரசுகள் எடுத்துக் கையாளும் கோயிலும் மொழியும் கடல்வழியும் நம்முடையவை.

மண்டகப்படியிலிருந்து தொடங்குவோம்

நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஒவ்வொரு நாளும் ஒரு தரப்பாரின் மண்டகப்படி. அன்றைய செலவு அவர்களுடையது. சாமி அவர்கள் மண்டபத்தில் வந்து இறங்கும். பரிவட்டமும் முதல் மரியாதையும் அன்றைக்கு அவர்களுக்கே. அந்தக் குடும்பத்தாரின் பக்தியில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் மண்டகப்படி இருக்கிற குடும்பத்துக்கு ஊரில் ஓர் இடம் உறுதியாகிவிடுகிறது. குளம் வெட்டும் பேச்சோ, பாதைத் தகராறோ வந்தால் அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் தமக்கும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டால் ஊர்க்கூட்டம் கூடுவதும், பழைய மண்டகப்படிக்காரர்கள் முகம் மாறுவதும் இதனால்தான். அவர் பணம் கொடுக்க முன்வந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்காது. அவர் கேட்பது ஊரில் ஓர் உரிமை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாடு இன்னொரு நாட்டு மக்களிடையே செய்யும் பண்பாட்டுக் காரியங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. இனி மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

மொழி, கலை, சமயம், வரலாறு, தொல்லியல் ஆகியவற்றில் எதற்குப் பணம் ஒதுக்குவது, எதைக் கொண்டாடுவது, எதை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று ஓர் அரசு எடுக்கும் முடிவுகளின் தொகுப்பே பண்பாட்டுக் கொள்கை. நிலம், கடல், துறைமுகம், அண்டை நாடு ஆகியவற்றின் இருப்பிடத்தைக் கணக்கில் வைத்து நாடுகள் தமக்குள் நடத்தும் அதிகாரப் போட்டி புவிசார் அரசியல். மூன்றாவது சொல் மென்சக்தி. மிரட்டாமலும் விலை கொடுக்காமலும், தன்மீதுள்ள ஈர்ப்பினாலேயே பிறரைத் தன் பக்கம் வரச் செய்யும் ஆற்றல் அது. அமெரிக்க அறிஞர் ஜோசப் நை 1990-இல் இந்தக் கருத்துக்குப் பெயர் சூட்டினார். பெயர்தான் புதிது, செயல் மிகப் பழையது.

காலியில் கிடைத்த கல்

எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் பார்வையில் இந்தப் பொருளை விளக்க இதைவிடச் சிறந்த சான்று உலகில் வேறெங்கும் கிடைக்காது.

மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் கப்பல் கூட்டத்துடன் இந்தியப் பெருங்கடலில் பலமுறை பயணம் செய்தார். 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கல்வெட்டைச் சீனாவிலேயே பொறித்து இலங்கைக்குக் கொண்டுவந்து நாட்டினார். 1911-இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாக அது கண்டெடுக்கப்பட்டது. அந்த ஒரே கல்லில் மூன்று மொழிகள் உள்ளன: சீனம், தமிழ், பாரசீகம்.

மூன்றும் ஒரே வாசகத்தின் மொழிபெயர்ப்பு அல்ல என்பதுதான் வியப்பு. சீனப் பகுதி சீனப் பேரரசர் புத்தருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி, இலங்கையின் தென்முனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கு, அதாவது திருமாலுக்கு, அதே பேரரசர் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே.

யாரை நோக்கி எழுதினார்கள் என்று பாருங்கள். இந்தக் கடலில் அன்று வணிகம் செய்தவர்கள் தமிழ் வணிகர்களும் பாரசீகம் அறிந்த முஸ்லிம் வணிகர்களும். இலங்கை பௌத்த நாடு. ஒவ்வொரு தரப்பாரின் திருவிழாவிலும் சீனப் பேரரசர் தனித்தனியே ஒரு மண்டகப்படி கேட்டிருக்கிறார். ஒருவர் மனமும் நோகாமல், ஒருவருக்கும் மற்றவரைவிடக் குறையாமல்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். கல்வெட்டுத் தேதிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1411-இல், செங் ஹோவின் படை இலங்கையில் ஆட்சி நடத்திய அழகேஸ்வரனைப் போரில் வென்று சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. காணிக்கையும் அதே கப்பல் கூட்டத்தில் வந்தது, படையும் அதே கப்பல் கூட்டத்தில் வந்தது. மென்சக்தி என்றால் ஆயுதம் இல்லாத சக்தி என்று நினைப்பவர்கள் இந்தக் கல்லை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

நம் கரையிலும் அதுவே

சீனர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. இலங்கையின் பொலன்னறுவையிலிருந்து 1187 முதல் 1196 வரை ஆண்ட நிஸ்ஸங்கமல்லன் பௌத்த மன்னன். அவன் தன் கல்வெட்டில் இராமேஸ்வரத்தில் நிஸ்ஸங்கேஸ்வரம் என்று தன் பெயராலேயே ஒரு கோயிலை எழுப்பியதாகச் சொல்லிக்கொள்கிறான். பாண்டிய நாட்டுக் கரையில், பாரதம் முழுவதிலிருந்தும் யாத்திரிகர் வந்து சேரும் இடத்தில், கடலுக்கு அப்பாலிருக்கும் அரசன் தன் பெயரைப் பதிக்க விரும்பியிருக்கிறான்.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தங்களைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டார்கள். நந்தி உருவத்துக்குக் கீழே ‘சேது’ என்று பொறித்து நாணயம் அடித்தார்கள். இக்கரையில் 1605 அளவில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றதற்கு முக்கியக் காரணம், இராமேஸ்வர யாத்திரிகர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது. சேதுவைக் காப்பவன் என்ற ஒரே தகுதியை வைத்துக் கடலின் இரு கரைகளிலும் வெவ்வேறு காலங்களில் அரசுகள் தங்கள் ஆட்சிக்கு நியாயம் தேடின. யாத்திரிகர்களுக்கு அவர்கள் கட்டிய சத்திரங்கள் உண்மை, அன்னதானம் உண்மை. அந்தப் பணி வழியாக அவர்கள் அடைந்த அதிகாரமும் உண்மை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பண்பாட்டுப் பணி ஓர் அரசுக்கு, தான் ஆளாத மக்களிடையே ஓர் இடத்தைப் பெற்றுத் தருகிறது. அந்தப் பணி உண்மையான பக்தியோடும் அன்போடும் நடக்கலாம், படையோடும் சேர்ந்து வரலாம்.

இன்று இது இயங்கும் முறை

மன்னர்கள் கல்வெட்டு வைத்துச் செய்ததை இன்று நிறுவனங்கள் செய்கின்றன. பிரான்சின் அலியான்ஸ் பிரான்சேஸ் 1883-இலும் பிரிட்டிஷ் கவுன்சில் 1934-இலும் தொடங்கப்பட்டன. இந்தியாவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950-இல் இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான கவுன்சிலை நிறுவினார். சீனா 2004 முதல் கன்பூசியஸ் நிறுவனங்களைத் திறந்துவருகிறது, இலங்கையின் களனிப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. இவை முதலில் செய்யும் வேலை பழக்கத்தை உண்டாக்குவது. மொழி கற்ற மாணவர், உதவித்தொகையில் படித்தவர், நாட்டியம் பயின்ற பெண் ஆகியோரில் சிலர் பத்து இருபது ஆண்டுகளில் அதிகாரிகளாகவும் பத்திரிகையாளர்களாகவும் ஆவார்கள். அந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் அவர்களுக்குப் பயத்துக்குப் பதில் நினைவுகள் வரும். பலன் மிக மெதுவாகக் கிடைப்பதால் தேர்தல் கணக்குப் பார்க்கும் ஆட்சியாளர்கள் இதற்குக் குறைவாகவே செலவிடுகிறார்கள்.

இரண்டாவது வேலை, பழைய வரலாற்றைக் காட்டி இன்றைய இருப்புக்கு நியாயம் தேடுவது. இந்தியப் பெருங்கடலில் இப்போது மிகத் தீவிரமாக நடப்பது இதுதான். செங் ஹோவின் முதல் பயணத்தின் 600-ஆம் ஆண்டைச் சீனா 2005-இல் பெரிதாகக் கொண்டாடி, ஜூலை 11-ஐத் தன் கடல் தினமாக அறிவித்தது. 2013-இல் கடல்வழிப் பட்டுப்பாதைத் திட்டத்தை முன்வைத்தபோது, நாங்கள் இந்தக் கடலுக்குப் புதியவர்கள் அல்ல என்று சொல்ல அந்த வரலாறு கைகொடுத்தது. அடுத்த ஆண்டே, 2014 ஜூனில், இந்தியப் பண்பாட்டு அமைச்சகம் பருவக்காற்றின் பெயரால் ‘மௌசம்’ என்ற திட்டத்தை அறிவித்தது. பருவக்காற்றைப் பிடித்து மரக்கலம் ஓட்டிய இந்தியப் பெருங்கடல் நாடுகளின் தொடர்புகளை ஆய்ந்து மீட்பது அதன் நோக்கம். கேட்பதற்குத் தொல்லியல் திட்டம், பக்கத்தில் பட்டுப்பாதையை வைத்துப் பார்த்தால் அது ஒரு பதில். இராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு நடந்து 1,000 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமரே கலந்துகொண்டு விழா எடுத்ததும் இந்த வரிசையில் சேரும்.

மூன்றாவது வேலை, கடினமான பேரங்களுக்குப் பக்கத்தில் நிற்பது. நம் கண்ணெதிரில் நடந்ததையே எடுத்துக்கொள்ளலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளில் மின்திட்டம் அமைக்கும் ஒப்பந்தம் 2021 தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள தீவுகள் இவை, இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. பாதுகாப்பு குறித்த மூன்றாம் தரப்பின் கவலையால் திட்டத்தை நிறுத்திவைப்பதாக 2021 டிசம்பர் தொடக்கத்தில் சீனத் தூதரகம் அறிவித்தது. சில வாரங்கள்கூட ஆகவில்லை, தூதர் நல்லூரில் வேட்டியோடு நின்றார். 2022 மார்ச்சில் அந்த மின்திட்டம் இந்தியாவின் கைக்கு வந்தது. கோயில் தரிசனத்தை மட்டும் தனியே பார்த்தால் அது பக்தி, மின்திட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் நாங்கள் வடக்கை விட்டுப் போய்விடவில்லை என்ற அறிவிப்பு.

இந்தியா செய்வதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் நேர்மை. 2025 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறுநாள் காலை பிரதமர் மோடி அனுராதபுரத்தில் ஜய ஸ்ரீ மகா போதி மரத்தை வணங்கினார். அங்கிருந்து நேரே இராமேஸ்வரம் வந்து, இராம நவமி நாளில் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்து, இராமநாதசுவாமி கோயிலில் வழிபட்டார். பாலம் நமக்கு வேண்டியதுதான், 1914-இல் கட்டிய பழைய பாலத்தின் நிலை இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. ஆனால் ஒப்பந்தம், போதிமரம், பாலம், கோயில் என்ற வரிசை தற்செயலாக அமையவில்லை.

காலிக் கல்லின் கணக்கு இங்கும் மாறாமல் இருக்கிறது. சிங்கள பௌத்தர்களுக்காக இந்தியா 2020-இல் பௌத்த உறவுகளை வளர்க்க 1.5 கோடி டாலர் அறிவித்தது. 2021 அக்டோபரில், புத்தர் மறைந்த தலமான குஷிநகரின் சர்வதேச விமான நிலையத்தில் முதலில் வந்திறங்கிய விமானம் கொழும்பிலிருந்து பிக்குகளை ஏற்றிவந்தது. தமிழர்களுக்காகத் திருக்கேதீச்சரம் கோயில் திருப்பணிக்கு உதவியது, யாழ்ப்பாணத்தில் பண்பாட்டு மையம் கட்டியது. கொழும்பில் உள்ள இந்தியப் பண்பாட்டு மையத்தின் பெயர் சுவாமி விவேகானந்தருடையது. 1897 ஜனவரியில் அவர் கொழும்பில் இறங்கி, இலங்கை வழியாக வந்து பாம்பனில் கரையேறியபோது எதிர்கொண்டு வரவேற்றவர் நம் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. ஒவ்வொரு தரப்புக்கும் அதன் சொந்த மொழியில், அதன் சொந்தக் கடவுளின் பெயரால் பேசுவது என்ற முறை 1409-க்குப் பிறகு மாறவே இல்லை.

சுருக்கமாக: பழக்கம் உண்டாக்குவது, பழைய உரிமையைக் காட்டுவது, பேரங்களுக்குத் துணை நிற்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே மையமோ ஒரே விழாவோ ஒரே நேரத்தில் செய்ய முடியும்.

எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள்

ஓர் அரசின் நோக்கத்தை அறிய அதன் பேச்சைவிட நல்ல வழி, நீண்ட வரலாற்றிலிருந்து அது எந்தத் துண்டை எடுக்கிறது என்று பார்ப்பது. எனக்கு மனவருத்தம் இருப்பதும் இந்த இடத்தில்தான்.

நம் கரையின் கடல் தொடர்பு அரசர்களால் மட்டும் ஆனதல்ல. வைகை கடலில் சேருமிடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்தன. பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கீழக்கரை மரைக்காயர்களின் மரக்கலங்களும் முத்துக்குளிப்பில் மூழ்கிய பரதவர்களும் இல்லாமல் இந்தக் கடலின் வரலாறு இல்லை. ஆனால் விழா எடுக்கும்போது முன்னே நிற்பது படையெடுத்த மன்னனும் இதிகாசப் பாலமும்தான். வணிகரும் முத்துக்குளிப்பவரும் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். சீனாவுடன் நமக்கிருந்த பழைய வணிக உறவைச் சொல்லும் பெரியபட்டினத்து ஓடுகள் இன்றைய போட்டிக்கு உதவாதவை, அதனால் மேடை ஏறுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. நமக்கு அது வெற்றி, அந்தக் கரைக்கு அது கடல்வழி வந்த தாக்குதல். ஈர்ப்பை உண்டாக்க எடுத்த வரலாறு, கேட்பவர் இடத்திலிருந்து பார்த்தால் அச்சத்தை உண்டாக்கலாம். உள்ளூர்ப் பெருமைக்குப் பேசுவதும் அயல்நாட்டு நட்புக்குப் பேசுவதும் ஒரே பேச்சாக இருக்க முடியாது.

செய்ய முடியாதவை

கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் 1006 அளவில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற பௌத்த மடத்தைக் கட்டினான். முதலாம் இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். இதைவிட அழகான பண்பாட்டு நட்பு வேறு இருக்க முடியாது. 1025-இல் இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின்மீது படையெடுத்தான். விகாரை நாகப்பட்டினத்தில் தொடர்ந்து இருந்தது, படையெடுப்பை அதனால் தடுக்க முடியவில்லை. நலன்கள் மோதும்போது பண்பாட்டு உறவு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது ஓர் அளவு.

யாழ்ப்பாண மையத்தின் கதையும் அப்படித்தான். 2015-இல் அடிக்கல் நாட்டி, 2023 பிப்ரவரியில் மக்கள் பயன்பாட்டுக்குக் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பண்பாட்டு மையம் என்று பெயர் மாற்றியபோது, பெயரில் யாழ்ப்பாணம் இல்லையே என்று அந்த ஊர் மக்களே எதிர்த்தார்கள். பிறகு யாழ்ப்பாணம் என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. வள்ளுவர்மீது யாருக்கும் வருத்தமில்லை. தங்களிடம் கேட்காமல் தங்கள் பெயரை எடுத்ததில்தான் வருத்தம். எவ்வளவு செலவிட்டாலும் பெறுபவரின் தன்மானத்தை மறந்தால் கொடுத்தது கசந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மடிப் பிரச்சினை இருக்கிறது. கடலடியை வாரி இழுக்கும் வலைதான் இழுவை மடி; அந்த மீன்பிடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தது. நம் விசைப்படகுகள் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது முதலில் நாசமாவது யாழ்ப்பாணத்துச் சிறு மீனவர்களின் வலைகள். அவர்களும் தமிழர், நாமும் தமிழர், இரு கரையிலும் அதே அந்தோனியாரை வணங்குகிறோம். எந்த மையத்தின் நாட்டிய விழாவும் இந்தக் கணக்கைத் தீர்க்காது. ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற ஆகும் செலவு, கடல் வளம், பேச்சுவார்த்தை ஆகிய மூன்றும்தான் தீர்க்கும்.

ஆனால் பண்பாடு என்ற கருவி அரசின் கையில் மட்டும் இருப்பதில்லை. 1974-இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனபோது, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் முன்போலவே அங்கு போய்வரலாம் என்று ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவில் எழுதினார்கள். நிலத்தைக் கொடுத்த வலியை, அங்குள்ள அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் போகும் உரிமை கொஞ்சம் ஆற்றும் என்பது இரு அரசுகளின் கணக்கு. 2024 பிப்ரவரியில், தங்கள் படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேஸ்வரம் மீனவர்கள் அந்தத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். யாத்திரைப் படகுகள் கிளம்பவில்லை. தங்களை ஆற்ற எழுதிய அந்த உரிமையை, இரு தலைநகரங்களிலும் கேட்கும்படி பேசுவதற்கான கருவியாக அவர்களே திருப்பிக்கொண்டார்கள்.